ஜிபிஎல் நிரல், விக்கி உரை, ஓஎஸ்எம் வரைபடம் எல்லாம் ஒரே செயலியில்: உரிமத்தை எப்படி முடிவு செய்வது?

கேள்வி
மாடக்குளம்_கரை எழுதியது:

வணக்கம். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்கும் கண்மாய்களுக்கும் நடந்து போகிறவர்களுக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலியும் அதற்கு இணையப் பதிப்பும் ஆறு பேர் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம். கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம், ஆனைமலை, கொங்கர்புளியங்குளம் குன்றுகளும் மாடக்குளம், வண்டியூர் கண்மாய்களும் முதல் வெளியீட்டில் வருகின்றன. அடுத்த மாதம் ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) பொதுவில் திறக்க வேண்டும். லைசென்ஸ் கோப்பு இன்னும் வைக்கவில்லை. குழுவில் பாதிப் பேர் "எல்லாத்துக்கும் எம்ஐடி போட்டுடலாம்" என்கிறார்கள். எம்ஐடி என்பது பதிப்புரிமை வரியை மட்டும் கூடவே வைத்தால் எப்படியும் பயன்படுத்த விடும் தளர்வான உரிமம். எல்லாவற்றுக்கும் அதைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உள்ளே இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிரல் கோட்லினில். இணையப் பதிப்பில் ரியாக்ட், லீஃப்லெட். பாமினி, டிஸ்கி எழுத்துருவில் கிடக்கும் பழைய கட்டுரைகளை யூனிகோடாக்க சி மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய மாற்றியைச் சேர்த்திருக்கிறோம். அதில் ஜிபிஎல் (நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலோடு அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும் உரிமம்) பதிப்பு 2 என்று இருக்கிறது. உரையை வாசித்துக் காட்ட ஈஸ்பீக் என்ஜி. இடக்குறிப்புகளில் பாதி தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துச் சுருக்கியது, மீதி நாங்கள் எழுதியது. படங்கள் விக்கிமீடியா காமன்ஸிலிருந்தும், ஊர்க்காரர் ஒருவர் கொடுத்ததும். அவர் தன் படங்களுக்கு சிசி பை-என்சி-எஸ்ஏ (பெயர் சொல்ல வேண்டும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் விட வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) போட்டிருக்கிறார். வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் (ஓஎஸ்எம்). அதன்மேல் நாங்கள் நடந்து குறித்த மடை, கலுங்கு, படிக்கட்டுப் புள்ளிகள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு குறைப்பதற்காக வெட்டிச் சுருக்கியது.

எங்கள் விருப்பம் இதுதான்: யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசுக்கும் விற்கலாம். ஆனால் மேம்படுத்தினால் அந்த மேம்பாடு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். இதற்கு ஒரே உரிமம் போதுமா?


பதில்
வைகை_வடகரை எழுதியது:

உங்கள் சந்தேகம் சரி. எம்ஐடி போடும் உரிமை நீங்கள் ஆறு பேரும் எழுதிய வரிகளுக்கு மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது. மற்றவர்களுடையதை அவரவர் உரிமத்தோடுதான் எடுத்துப்போக முடியும். ஆகவே எந்த உரிமம் நமக்குப் பிடிக்கிறது என்ற பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே என்னென்ன வந்திருக்கின்றன, எது எதோடு கலந்திருக்கிறது என்று பாருங்கள்.

கலப்பது வேறு, பக்கத்தில் வைப்பது வேறு. ஒன்றாக இணைத்து ஒரே நிரலாக ஓடுபவை கலந்தவை. ஒரே ஏபிகே கோப்புக்குள் (செயலியை நிறுவும் கோப்புக்குள்) இருந்தாலும், திரையில் காட்டப்படும் மலைப் படமும் அதைக் காட்டும் நிரலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவைதான். ஒத்துப்போகுமா என்ற கேள்வி கலக்கும் இடத்தில்தான் வரும். அதிலும் ஓட்டம் ஒரு திசைதான். எம்ஐடி நிரலை ஜிபிஎல் திட்டத்துக்குள் கொண்டுவரலாம். ஜிபிஎல் நிரலை எடுத்து எம்ஐடி என்று கொடுக்க முடியாது.

இப்போது உங்கள் நிரலில் இருக்கும் நிஜமான மோதல். ஈஸ்பீக் என்ஜி, ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது. கோட்லின் அடிப்படை லைப்ரரியும் ஆண்ட்ராய்டுஎக்ஸ் லைப்ரரிகளும் அப்பாச்சி 2.0. இவை ஒன்றோடொன்று சேரும், ஏனென்றால் 2007-ல் வந்த ஜிபிஎல் 3 அப்பாச்சி 2.0-ஐ ஏற்கும்படி எழுதப்பட்டது. 1991-ன் ஜிபிஎல் 2 அப்படியல்ல. "இந்த உரிமத்தில் இல்லாத கூடுதல் கட்டுப்பாடு எதையும் சேர்க்காதே" என்கிறது அது. அப்பாச்சி 2.0-ல் காப்புரிமை (பேட்டன்ட்) வழக்குப் போட்டால் உரிமம் பறிபோகும் என்ற விதி இருக்கிறது. அது கூடுதல் கட்டுப்பாடு என்பதுதான் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. ஆக உங்கள் எழுத்துரு மாற்றி "பதிப்பு 2 மட்டும்" என்றால் ஈஸ்பீக்கோடும் சேராது, ஆண்ட்ராய்டுஎக்ஸோடும் சேராது. எம்ஐடி போட்டாலும் ஜிபிஎல் 3 போட்டாலும் இந்த முடிச்சு அவிழாது.

அது உண்மையிலேயே "2 மட்டும்"தானா என்று முதலில் பாருங்கள். ரெப்போவின் காப்பியிங் கோப்பை நம்பாதீர்கள். அதில் ஜிபிஎல் முழு உரை மட்டுமே இருக்கும். அந்த உரையின் கடைசியில் வரும் மாதிரித் தலைப்பில் "அல்லது பிந்தைய பதிப்பு" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியடைகிறவர்கள் நிறைய. அது மாதிரிதான், கணக்கில் வராது. ஒவ்வொரு சி கோப்பின் தலையில் இருக்கும் குறிப்பையும் ரீட்மீயையும் படியுங்கள். "அல்லது பிந்தைய பதிப்பு" என்று அங்கே இருந்தால் ஜிபிஎல் 3-ஆக எடுத்துக்கொள்ளலாம், சிக்கல் தீர்ந்தது. பதிப்பு எண்ணே எங்கும் இல்லாமல் வெறுமனே ஜிபிஎல் என்று மட்டும் இருந்தால், ஜிபிஎல் 2-ன் 9-ஆம் பிரிவுப்படி எந்தப் பதிப்பை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம்.

"2 மட்டும்" என்பது உறுதியானால், எழுதியவரிடம் மாற்று உரிமம் கேட்கலாம். ஆனால் ஒருவர் சம்மதித்தால் போதாது. கிட் வரலாற்றில் (நிரல் மாற்றங்களின் பதிவில்) பதிப்புரிமைக்குரிய அளவு பங்களித்த ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். உங்களுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. பழைய கட்டுரைகளை மாற்றும் வேலை வெளியிடுவதற்கு முன்பு உங்கள் மேசையில் ஒருமுறை நடப்பதுதானே? பயனரின் கைப்பேசியில் அந்த மாற்றி எதற்கு? செயலியிலிருந்து எடுத்துவிட்டுத் தனி ரெப்போவில், அதன் சொந்த உரிமத்தோடு கருவியாக வையுங்கள். அதன் வழியாக வெளியே வரும் யூனிகோடு உரைக்கு ஜிபிஎல் ஒட்டாது. உரை யாருடையதோ, உரிமையும் அவருடையதே.

ஈஸ்பீக்கை ஜேஎன்ஐ (கோட்லின் நிரலிலிருந்து சி நிரலை அழைக்கும் வழி) வழியாக உள்ளே இணைத்தால் செயலி முழுவதும் ஜிபிஎல் 3-ல்தான் வெளிவர வேண்டும். உங்கள் விருப்பத்துக்கு அது பொருந்துகிறது என்பதால் நான் ஜிபிஎல் 3 அல்லது பிந்தையது என்பேன். அது வேண்டாம் என்றால், ஆண்ட்ராய்டின் பேச்சு இடைமுகத்தை அழைத்துவிட்டு எந்தப் பேச்சு எந்திரம் என்பதைப் பயனரிடமே விட்டுவிடலாம். அவர் ஈஸ்பீக்கைத் தனிச் செயலியாக நிறுவிக்கொள்வார்; உங்கள் நிரலோடு அது கலக்காது.

ஜிபிஎல் 3 என்று முடிவெடுத்தால் கூகுள் பிளே சர்வீசஸ் லைப்ரரிகளைத் தவிருங்கள். இருப்பிடம் அறிய அதை இழுத்துவந்து சேர்ப்பது எல்லாருக்கும் கைவந்த பழக்கம். அவை மூடிய லைப்ரரிகள்; ஏபிகேக்குள் கட்டி அனுப்பும்போது "கணினியோடு வரும் லைப்ரரி" என்ற விலக்கும் பொருந்தாது. உங்கள் சொந்த வரிகளுக்கு மட்டுமானால் 7-ஆம் பிரிவின்படி நீங்கள் கூடுதல் அனுமதி கொடுக்கலாம். ஈஸ்பீக் எழுதியவர்கள் சார்பில் அதைக் கொடுக்க உங்களால் முடியாது. ஆண்ட்ராய்டிலேயே உள்ள லொகேஷன் மேனேஜர் மலையேற்றத்துக்குப் போதும்.


பதில்
தெப்பக்குளம்_மேற்கு எழுதியது:

நிரல் பக்கம் வடகரை சொன்னதை ஏற்கிறேன். உள்ளடக்கம் பற்றி நான் சொல்கிறேன், அங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா உரை 2023 ஜூன் முதல் சிசி பை-எஸ்ஏ 4.0 (பெயர் சொல்ல வேண்டும், மாற்றினால் அதே உரிமத்தில் விட வேண்டும்; வணிகத்துக்குத் தடையில்லை). அதற்கு முன் 3.0. நீங்கள் சுருக்கி மாற்றியிருப்பதால் அது தழுவல்; உங்கள் சுருக்கமும் பை-எஸ்ஏ 4.0 ஆகத்தான் வெளிவர வேண்டும். பெயர்க் குறிப்புக்கு அந்தக் கட்டுரையின் இணைப்பைக் கொடுத்தாலே போதும். தொகுத்தவர் அத்தனை பேரையும் பட்டியலிட வேண்டாம். நீங்களே எழுதிய குறிப்புகளையும் பை-எஸ்ஏ 4.0-ல் விடுங்கள். அப்போதுதான் இரண்டையும் ஒரே பத்தியில் கலக்கலாம், நாளைக்கு உங்கள் குறிப்பை விக்கிப்பீடியாவுக்குத் திருப்பியும் கொடுக்கலாம்.

2015 அக்டோபரில் கிரியேட்டிவ் காமன்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பை-எஸ்ஏ 4.0 படைப்பின் தழுவலை ஜிபிஎல் 3-ன் கீழ் வெளியிடலாம் என்று. "அப்படியானால் உரையையும் ஜிபிஎல் என்று சொல்லிவிடலாமே" என்று தோன்றும். செய்யாதீர்கள். அது ஒருவழிப் பாதை. ஜிபிஎல் ஆன உரை விக்கிக்குத் திரும்பாது. நிரலுக்குள் பிரிக்க முடியாமல் கலந்துவிட்ட சிறு துண்டுகளுக்காக ஏற்பட்ட வசதி அது. உங்கள் இடக்குறிப்புகளை நிரலின் ஸ்ட்ரிங்ஸ் கோப்பில் எழுதி வைத்திருந்தால் வெளியே எடுத்து, "உள்ளடக்கம்" என்று தனிக் கோப்புறையில் ஜேசானாகவோ மார்க்டவுனாகவோ வையுங்கள். பொத்தான் பெயர், பிழைச் செய்தி போன்றவை மட்டும் நிரலோடு இருக்கட்டும்.

எதிர்த்திசையில் நிரலுக்கு சிசி உரிமம் போடவும் கூடாது. மூலநிரல் தருவது பற்றி அவற்றில் ஒன்றுமே இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸே மென்பொருளுக்கு வேண்டாம் என்று சொல்கிறது. சிசி ஜீரோவை (எல்லாப் பதிப்புரிமையையும் விட்டுக்கொடுப்பதை) நிரலுக்குப் போடுகிறவர்கள் உண்டு, ஆனால் அதில் காப்புரிமைகள் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருப்பதால் ஃபெடோரா என்ற லினக்ஸ் திட்டம் 2022-ல் புதிய நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது.

காமன்ஸ் படங்களில் "காமன்ஸ்" என்பது உரிமத்தின் பெயரல்ல. ஒவ்வொரு படத்துக்கும் தனி உரிமம். ஒரே ஆனைமலைக்கு பை-எஸ்ஏ 3.0, 4.0, சிசி ஜீரோ மூன்றும் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் மோதல் இல்லை. இரண்டு படத்தை ஒட்டி ஒரே முகப்புப் படம் செய்தால்தான் பதிப்பு எண்கள் பேச ஆரம்பிக்கும்: 3.0-ஐயும் 4.0-ஐயும் சேர்த்தால் முடிவு 4.0-ல்தான் வரும், 3.0-ல் அல்ல.

என்சி படங்களை நான் சேர்க்கமாட்டேன். "காசுக்கும் விற்கலாம்" என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்; அந்தப் படங்களோடு அது நடக்காது. சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வாங்கும் வழிகாட்டி ஒருவர் உங்கள் செயலியைக் காட்டினால் அது வணிகமா என்ற கேள்வி அவர் தலையில் விழும். விக்கி உரையோடும் அதைக் கலக்க முடியாது, ஏனென்றால் பை-என்சி-எஸ்ஏயும் பை-எஸ்ஏயும் ஒன்றையொன்று ஏற்காது, இரண்டும் "என் உரிமத்திலேயே விடு" என்கின்றன. கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான எஃப்-டிராய்டு கடையில் ஏற்றினால் "கட்டற்றதல்லாத உள்ளடக்கம்" என்று அடையாளமிட்டுவிடுவார்கள். அவரிடம் பேசிப் பாருங்கள்: செயலிக்கு வேண்டிய எட்டு பத்துப் படங்களுக்கு மட்டும் பை-எஸ்ஏ 4.0. ஆனால் "சின்ன அளவுப் படத்துக்கு மட்டும் பை-எஸ்ஏ, பெரிய அளவு என்னிடமே" என்று அவர் நினைத்தால் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒரே படைப்பாகக் கருதப்படலாம், கொடுத்த சிசி உரிமத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது. தெரிந்தே சம்மதிக்கட்டும்.

வரைபடத் தரவு 2012 செப்டம்பர் முதல் ஓடிபிஎல் (தரவுத்தளங்களுக்கான, அதே உரிமத்தில் விடச் சொல்லும் திறந்த உரிமம்). அதில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் மடைப் புள்ளிகள் தனி அடுக்கா அல்லது ஓஎஸ்எம் தரவோடு பின்னியவையா என்பது. ஓஎஸ்எம்மில் கண்மாய் எல்லை, உங்கள் கோப்பில் மடைகள், திரையில் ஒன்றின்மேல் ஒன்று என்றால் அது தொகுப்புத் தரவுத்தளம்; உங்கள் கோப்புக்கு எந்த உரிமமும் போடலாம். ஓஎஸ்எம்மில் எந்த மடை இல்லையோ அதை மட்டும் உங்கள் கோப்பிலிருந்து எடுத்து நிரப்பி ஒரே பட்டியலாக்கினால், அது வழித்தோன்றல் தரவுத்தளம். செயலியைப் பொதுவில் விட்டதும் அந்தப் பட்டியலையும் ஓடிபிஎல்லில் கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும். திரையில் தெரியும் வரைபடப் படம் மட்டும் உங்கள் விருப்ப உரிமத்தில் இருக்கலாம், "© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்ற வரி தெரியும்வரை. வரைபடத்தின் மூலையிலேயே அந்த வரி தெரியட்டும்.

என் கருத்து: மடை, கலுங்கு, படிக்கட்டு எல்லாவற்றையும் நேரடியாக ஓஎஸ்எம்மிலேயே ஏற்றிவிடுங்கள். உங்கள் செயலி நின்றுபோனாலும் அந்தக் கண்மாயின் மடை வரைபடத்தில் இருக்கும். ஒரு நிபந்தனை, கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் நடந்து எடுத்தவை மட்டும். கூகுள் மேப்பைப் பார்த்துக் குறித்த புள்ளி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ், ஓஎஃப்எல் 1.1 (எழுத்துருக்களுக்கான திறந்த உரிமம்). எந்த உரிமச் செயலியிலும் சேர்த்து அனுப்பலாம். எழுத்துருவைத் தனியாக விற்க மட்டும் கூடாது. ஓஎஃப்எல் உரையை அதனருகிலேயே வையுங்கள். வெட்டிச் சுருக்குவதும் மாற்றம்தான். எந்த எழுத்துருவாக இருந்தாலும் உரிமக் கோப்பின் முதல் சில வரிகளில் "ஒதுக்கப்பட்ட எழுத்துருப் பெயர்" அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சுருக்கிய கோப்பின் உள்பெயரை மாற்றாமல் வெளியிடுவது மீறல்.


மாடக்குளம்_கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. வடகரை அண்ணே, மாற்றியின் கோப்புகளைப் பார்த்துவிட்டேன். மொத்தம் ஒன்பது கோப்பு. ஏழில் "பிந்தைய பதிப்பு" இருக்கிறது, இரண்டில் "பதிப்பு 2" மட்டும். அதனால் நீங்கள் சொன்னபடி செயலியிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

இன்னும் நான்கு சந்தேகம். ஒன்று, நிரலாளர் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்த சில செயற்கூறுகள் நிரலில் இருக்கின்றன. இரண்டு, கல்லூரி மாணவர்கள் சிலரும் ஒரு பள்ளியின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் நிரலும் படமும் தருவதாகச் சொல்கிறார்கள். மூன்று, குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் தகவல் பலகை வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறோம், கல்வெட்டு வாசகங்களும் இருக்கின்றன. நான்கு, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலிருந்து சில பாடல்கள்.


பதில்
பழங்காநத்தம்_பாலம் எழுதியது:

சட்டப் பக்கம் 1957-ன் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

கல்வெட்டின் மூல வாசகம் பல நூற்றாண்டுப் பழையது, அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அறிஞர் ஒருவர் அதற்கு எழுதிய விளக்கமும் மொழிபெயர்ப்பும் அவருடைய படைப்பு. மாங்குளம் கல்வெட்டின் வரியைப் போடலாம். "இதன் பொருள் இது" என்று ஒரு நூலில் இருக்கும் பத்தியை அப்படியே போடக் கூடாது. படித்து உங்கள் சொற்களில் எழுதுங்கள். செய்திக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய விதத்துக்குத்தான்.

தகவல் பலகையும் அப்படித்தான். பொது இடத்தில் நிற்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. 52-ஆம் பிரிவு பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தையும் கட்டடத்தையும் படம் எடுக்க விடுகிறது. பலகை வாசகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சுவரில் தீட்டிய புது ஓவியத்துக்கும் இல்லை, ஏனென்றால் அந்த விதி சிற்பத்தையும் கைவினைப் படைப்பையும் சொல்கிறதே தவிர ஓவியத்தைச் சொல்லவில்லை. அரசு வைத்த பலகை என்றாலும் வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. தட்டச்சு செய்ததை நீக்கிவிட்டு நீங்களே எழுதுங்கள்.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது. அதன் மின்னூல்களை முகப்புப் பக்கத்தை மாற்றாமல் பரப்பலாம் என்பதுதான் அங்கே தரப்படும் அனுமதி. சங்கப் பாடலோ தேவாரமோ என்றால் மூலத்துக்குப் பதிப்புரிமையே இல்லை. பாடலை எடுத்துக்கொள்ளலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வது மரியாதை. பிற்கால ஆசிரியர் என்றால் கணக்குப் போடுங்கள்: இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 தொடங்கி 60 ஆண்டு. 1960-ல் இறந்தவரின் எழுத்து 2021 ஜனவரி 1-ல் விடுபட்டது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர் என்றால் அந்தக் காலம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நாட்டுடைமையானது அவர் எழுத்து. பிறர் பின்னால் எழுதிச் சேர்த்த உரையும் முன்னுரையும் அதில் சேராது.

படம் தருகிறவரிடம் "எடுத்துக்கோங்க, போடுங்க" என்ற வாட்ஸ்அப் செய்தியோடு நின்றுவிடாதீர்கள். 30-ஆம் பிரிவு எழுத்தில் உரிமம் கேட்கிறது. அதைவிட முக்கியம் 19-ஆம் பிரிவின் விதிகள், 30ஏ வழியாக உரிமங்களுக்கும் அவை பொருந்தும்: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாய்வார்த்தை அனுமதியை நம்பி உலகம் முழுக்கச் செயலியை வெளியிட்டால் எவ்வளவு மெல்லிய கயிற்றில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். சிசி உரிம உரையிலேயே "உலகளாவியது", "பதிப்புரிமைக் காலம் முழுவதும்" இரண்டும் எழுதியிருக்கின்றன. ஆகவே மின்னஞ்சலில் இப்படி ஒரு வரி வாங்குங்கள்: "இணைத்துள்ள இந்த எட்டுப் படங்களையும் எடுத்தவன் நான். இவற்றை சிசி பை-எஸ்ஏ 4.0 சர்வதேச உரிமத்தின் கீழ் வெளியிடுகிறேன். என் பெயரை இவ்வாறு குறிப்பிடவும்." கோப்புப் பெயர்களும் அதிலேயே இருக்கட்டும்.

மாணவர் விஷயம். 17-ஆம் பிரிவு வேலையில் இருப்பவர் வேலைக்காக எழுதியதை முதலாளிக்குத் தருகிறது. மாணவர் வேலையாள் அல்ல, எழுதியது அவருடையதே. ஆனாலும் சில கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் கல்லூரிக்கே சொந்தம் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பங்களிப்பவரின் பணி ஒப்பந்தத்தையும் அதே காரணத்துக்காகப் பார்க்கச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 18 நிறையாதவர்கள். அவர்கள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி நிற்காது. பெற்றோர் பெயரில் அந்த மின்னஞ்சல் வரட்டும்.


பதில்
வைகை_வடகரை எழுதியது:

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: அங்கே இருக்கும் பதில்கள் எம்ஐடி அல்ல, பை-எஸ்ஏ. 2018 மே 2 முதல் எழுதப்பட்டவை 4.0, 2011 ஏப்ரல் 8 முதல் அதுவரை 3.0, அதற்கும் முந்தையவை 2.5. ஒவ்வொரு பதிலின் கீழும் காலவரலாற்றைத் திறந்தால் உரிமம் தெரியும். 4.0 என்றால் உங்கள் ஜிபிஎல் 3 நிரலுக்குள் வரலாம், மேலே தெப்பக்குளம் சொன்ன ஒருவழிப் பாதை அதற்குத்தான் உதவும். பதிலின் இணைப்பையும் எழுதியவர் பெயரையும் அந்தச் செயற்கூறுக்கு மேலே குறிப்பாக எழுதுங்கள். 3.0 துண்டு மாற்றி எழுதப்பட்டிருந்தால் 4.0 வழியாக உள்ளே வரும் என்ற வாதம் உண்டு. ஆனால் இருபது வரிக்காக அந்த வாதத்தில் நிற்க வேண்டாம், யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதிவிடுங்கள்.

இணையப் பதிப்பில் ஒரு பொறி இருக்கிறது. ரியாக்ட் எம்ஐடி, லீஃப்லெட் பிஎஸ்டி 2 விதி. இரண்டும் ஜிபிஎல்லோடு தாராளமாகச் சேரும், ஆனால் பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் கூடவே போக வேண்டும். நிரலைச் சுருக்கும் கருவிகள் கருத்துரைகளைக் களையும்போது அந்த வரிகளையும் களைந்துவிடும். எம்ஐடியில் கேட்கும் ஒரே கடமையும் அங்கே போய்விடுகிறது. கட்டும்போதே சார்பு லைப்ரரிகளின் உரிமங்களைத் திரட்டி ஒரு கோப்பாக எழுதும் செருகுநிரலைப் போட்டு, செயலியின் "உரிமங்கள்" திரையில் அதைக் காட்டுங்கள். அப்பாச்சி லைப்ரரியில் நோட்டீஸ் கோப்பு இருந்தால் அதன் வாசகமும் அங்கே வர வேண்டும்.

ரெப்போவை அமைப்பதற்கு, ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் குறிக்கும் ரீயூஸ் முறை நல்லது. "லைசென்சஸ்" என்ற கோப்புறையில் நான்கு உரிம உரைகள்: ஜிபிஎல் 3, பை-எஸ்ஏ 4.0, ஓடிபிஎல், ஓஎஃப்எல். சிசி ஜீரோ படம் சேர்த்தால் அதன் உரை ஐந்தாவது; பை-எஸ்ஏ 3.0 படம் இருந்தால் அதன் உரையும் தனியாக. ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் இரண்டு வரி, ஒன்று பதிப்புரிமையாளர், மற்றொன்று எஸ்பிடிஎக்ஸ் அடையாளம் (உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகச் சொல்லும் பொதுக் குறியீடு). அடையாளத்தில் "மட்டும்", "அல்லது பிந்தையது" என்ற வால் கட்டாயம். அந்த வால் இல்லாததால்தானே உங்கள் ஒன்பது கோப்பில் இவ்வளவு வேலை வந்தது. படத்துக்குள் வரி எழுத முடியாது, அதனால் அதே பெயரில் பக்கத்தில் ஒரு லைசென்ஸ் கோப்பு வையுங்கள், அல்லது எல்லாப் படத்துக்கும் சேர்த்து ரீயூஸ்.டாம்ல் கோப்பில் எழுதுங்கள். பிறகு ரீயூஸ் லின்ட் கட்டளையை ஒவ்வொரு இணைப்புக் கோரிக்கைக்கும் ஓடவிட்டால், உரிமம் தெரியாத கோப்பு ஒன்று உள்ளே நுழைந்தாலும் சிவப்பு விழும். கிட்ஹப் முகப்பில் காட்டும் உரிமம் ரெப்போவின் வேரில் உள்ள கோப்பைப் பார்த்து ஊகிப்பது மட்டுமே. ஆகவே ரீட்மீயில் "நிரல் இது, உரையும் படமும் இது, தரவு இது, எழுத்துரு இது" என்று நான்கு வரி எழுதிவிடுங்கள்.

பங்களிப்பாளர்களிடம் உரிமை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் கேட்காதீர்கள், மாணவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள். டிசிஓ (பங்களிப்பவரின் உறுதிமொழி) போதும்: கமிட் செய்யும்போது "சைன்டு-ஆஃப்-பை" வரி சேர்த்தால், இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று அவர் உறுதி சொல்கிறார்.

பிளே ஸ்டோரில் ஏற்றும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கிட்டில் அதே எண்ணில் ஒரு டேக் (பதிப்பு அடையாளம்) போடுங்கள். "எங்கள் ரெப்போவில் இருக்கிறது" என்றால் போதாது. பயனர் கையிலுள்ள அந்தப் பதிப்பின் மூலம், அதைக் கட்டும் ஸ்கிரிப்டுகள், ஈஸ்பீக்கில் நீங்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் கிடைக்க வேண்டும். ஐஃபோன் பதிப்பு பற்றி யோசித்தால் ஈஸ்பீக்கை விட்டுவிடுங்கள். ஆப்பிள் கடையின் விதிகளோடு ஜிபிஎல் மோதுவதாக எழுந்த புகாரில்தான் 2011 ஜனவரியில் விஎல்சி என்ற வீடியோ செயலி அங்கிருந்து நீக்கப்பட்டது.


பதில்
ஆனையூர்_நிழல் எழுதியது:

ஒன்று விடுபட்டிருக்கிறது. படம் ஏற்றவும் திருத்தம் அனுப்பவும் ஒரு சர்வர் வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். உலாவிக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜிபிஎல் வேலை செய்யும், ஏனென்றால் அது பயனர் கைக்குப் போகிறது. சர்வர் நிரல் யார் கைக்கும் போவதில்லை. ஒரு நிறுவனம் அதை எடுத்து மேம்படுத்தித் தன் சர்வரில் ஓட்டினால் ஜிபிஎல்லின்படி ஒரு வரியும் திருப்பித் தர வேண்டாம். மேம்பாடு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதால் சர்வருக்கு ஏஜிபிஎல் 3 (மாற்றிய நிரலை இணையம் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் மூலநிரலைத் தரச் சொல்லும் ஜிபிஎல் வகை) போடுங்கள். ஜிபிஎல் 3-ம் ஏஜிபிஎல் 3-ம் சேர்ந்து இருக்க இரண்டின் 13-ஆம் பிரிவும் இடம் தருகிறது.


தெப்பக்குளம்_மேற்கு எழுதியது:

சர்வர் நானூறு வரிக்குள் முடியும் என்றால் எனக்கு அவ்வளவு தேவையாகத் தெரியவில்லை. ஏஜிபிஎல் என்றாலே கிட்ட வராத நிறுவனங்கள் உண்டு, வேலைக்குப் போகும் பங்களிப்பாளர்களையும் அது தடுக்கும். இந்தத் திட்டத்தின் மதிப்பு சர்வரில் இல்லை, குறிப்புகளிலும் மடைத் தரவிலும் இருக்கிறது. அவை பை-எஸ்ஏயாலும் ஓடிபிஎல்லாலும் காக்கப்பட்டுவிட்டன.


மாடக்குளம்_கரை எழுதியது:

சர்வர் இப்போது இருநூறு வரிதான். ஆனாலும் குழுவில் பேசி ஏஜிபிஎல் என்றே முடிவு செய்தோம். பின்னால் தளர்த்த நாங்கள் ஆறு பேர் சம்மதித்தால் போதும் என்பதால், வெளியார் பங்களிப்பு வரும்வரை அந்த வழி திறந்திருக்கிறது. பலகை வாசகங்களை நீக்கிவிட்டோம். மடைப் புள்ளிகளில் கூகுள் மேப்பைப் பார்த்துக் குறித்தவை பதினொன்று இருந்தன, அவற்றை அழித்துவிட்டு இந்த ஞாயிறு மாடக்குளம் கரையில் மறுபடி நடந்து எடுக்கிறோம். படம் கொடுத்தவர் ஏழு படங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

காமன்ஸ் படத்துக்கான குறிப்பு வரி இப்படி வைத்திருக்கிறேன், சரியா?

"படம்: விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ."


பதில்
தெப்பக்குளம்_மேற்கு எழுதியது:

போதாது. காமன்ஸ் படம் எடுத்தவரல்ல, படம் இருக்கும் இடம். எடுத்தவர் அங்கே எந்தப் பெயரில் குறிப்பிடச் சொல்கிறாரோ அந்தப் பெயர் வேண்டும். உரிமத்தின் பதிப்பு எண்ணும் அதன் இணைப்பும் வேண்டும். படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 3.0 படங்களுக்குத் தலைப்பும் கட்டாயம், 4.0-க்குத்தான் அது விருப்பம். இரண்டு விதமாக வைத்துக் குழம்பாமல் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்:

"கீழக்குயில்குடி அய்யனார் கோயிலும் சமணர் மலையும்", எடுத்தவர்: (காமன்ஸில் உள்ள பெயர்), சிசி பை-எஸ்ஏ 4.0, விக்கிமீடியா காமன்ஸ் வழியாக, இடப்பக்கம் வெட்டப்பட்டது.

தலைப்பைத் தொட்டால் படத்தின் பக்கத்துக்கும், உரிமப் பெயரைத் தொட்டால் உரிமப் பக்கத்துக்கும் போகட்டும். இணையம் கிடைக்காத மலையிலும் இந்த வரி தெரிய வேண்டும், அதனால் சர்வரிலிருந்து இழுக்காமல் படத்தோடு சேர்த்தே ஜேசானில் வையுங்கள்.